கிளிநொச்சிக்கு இரண்டு இரவு

1

என் மகள் மதுரா பதினாறு நாள் இலங்கைப் பயணத்துக்கு ஓர் அட்டவணை போட்டிருந்தாள். கணினித் திரையில் பார்த்தால் கண் கூசும், அத்தனை வண்ணம். மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்ப்பது நீலம். உடவளவையில் யானை பச்சை. கண்டியில் நடனம் சிவப்பு, எல்லவுக்குப் போகும் ரயில் மஞ்சள், காலிக் கோட்டை மதில்மேல் மாலை நடை செம்மஞ்சள். ஒவ்வொரு ஊருக்கும் நேரே அங்கே என்ன பார்க்கலாம், எங்கே பொழுதுபோக்கலாம் என்று இரண்டு மூன்று வரி. கிளிநொச்சிக்கு நேரே மட்டும் ஒரேயொரு சொல் இருந்தது: குடும்பம். நிறம் சாம்பல். ஓர் இரவு.

"ஏன் எங்கட ஊருக்கு மட்டும் சாம்பல்?" என்று கேட்டேன்.

"வேற நிறம் முடிஞ்சுது அம்மா."

பச்சைப் பொய். ஊதா மிச்சம் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கிளிநொச்சிக்குப் பக்கத்து முரசுமோட்டையில் பிறந்தவள். இருபத்தொன்பது வருடமாக டென்மார்க்கில், கடலோரத்துச் சின்ன நகரம் ஒன்றில் இருக்கிறேன். முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை. இங்கே பதிவு செய்த நாளில் பிறந்த இடம் என்ன என்று கேட்டார்கள். முரசுமோட்டை என்றேன். எழுத்தர் மூன்று தரம் திருப்பிச் சொல்லச் சொன்னார், பிறகு பேனையை வைத்துவிட்டுக் கையால் கெஞ்சினார். அதனால் என் கடவுச்சீட்டின்படி நான் கொழும்பில் பிறந்தவள். மதுரா இங்கேயே பிறந்து வளர்ந்து, இருபத்துநாலு வயதில் தாதியாக வேலை பார்க்கிறாள். ஏழு வயதில் ஒருமுறை ஊருக்கு வந்தாள். அப்போது கண்டதில் அவளுக்கு நினைவிருப்பது ஒரு தவளை மட்டும்தான்.

அட்டவணையைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் முழுவதும் அவள்மேல் இல்லை. பயண வழிகாட்டிகளைப் புரட்டிப் பாருங்கள். வவுனியா தாண்டினால் அடுத்தது யாழ்ப்பாணம். நடுவில் எங்கள் வன்னி என்று ஒன்று வந்தாலும், போரில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியைப் படமெடுக்கலாம், போர் நடந்த இடத்தைப் பார்க்கலாம் என்று இரண்டு வரி. எங்கள் துக்கம்தான் நாங்கள் காட்டக்கூடிய ஒரே பொருளாம். சிரிக்க, விளையாட, சும்மா இருந்து பார்க்க எங்களிடம் ஒன்றுமே இல்லையா? எனக்கு அது பொறுக்கவில்லை.

ஆகவே பேரம் பேசினேன். நான் விடுமுறை எடுத்துக் கூடவே வருவேன். கிளிநொச்சிக்கு இரண்டு இரவு தரவேண்டும். அந்த இரண்டு நாளும் பொழுதுபோக்குக்கு நான் பொறுப்பு. மூன்றாம் நாள் காலை இருவரும் கண்டி பஸ் ஏறுவோம். மதுரா தானாகக் கேட்டால் மட்டும் இன்னும் தங்கலாம். நான் கேட்கக்கூடாது, அழக்கூடாது, பெருமூச்சு விடவும் கூடாது. கடைசி நிபந்தனை அவள் போட்டது.

எனக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்றால், முரசுமோட்டையில் இருப்பது என் தம்பி நேசன். அவனுக்கும் மனைவி யோகத்துக்கும் பிள்ளைகள் இல்லை. எனக்கு ஐம்பத்தாறு வயது, முழங்கால் இப்போதே முறைப்பாடு சொல்கிறது. நான் வருவது நின்றுபோனால் அந்த வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வர எங்கள் பக்கத்தில் ஒருவரும் இல்லை. மதுராவுக்கு அந்த இடம் பிடிக்கவேண்டும். சும்மா மரியாதைக்கு இல்லை, நான் இல்லாமலும் வருகிற அளவுக்குப் பிடிக்கவேண்டும்.

2

நேசனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"டேய், அங்க சனம் பொழுதுபோக்க எங்க போறது?"

"ஏனக்கா, என்ன நடந்தது?" என்று பயந்த குரலில் கேட்டான். யாருக்கோ உடம்புக்கு வருத்தம் என்று நினைத்துவிட்டான்.

விளக்கிச் சொன்னதும் இன்னும் பயந்தான். வயல், மாடு, உரத்துக்கு வரிசை என்று வாழ்கிறவனை ஒரே இரவில் சுற்றுலாத்துறை அமைச்சராக்கினால் என்ன செய்வான்? ஆனாலும் மூன்று நாளில் ஒரு பட்டியல் அனுப்பினான். பரந்தன் பக்கம் புதிதாக வந்திருக்கிற நீச்சல் குளமும் சிறுவர் பூங்காவும். முல்லைத்தீவுக் கடற்கரை. இரணைமடுக் குளம், "நிறைந்து வான் பாய்ந்தால்" என்று அடைப்புக்குறிக்குள். வேறு ஏதும் இல்லையா என்று கேட்டேன். "வீட்டில யோகம் புட்டு அவிப்பா" என்றான்.

நான் அதை எடுத்து மணிக்கணக்கு வைத்து ஒழுங்கு செய்தேன். காலை பத்திலிருந்து பன்னிரண்டு நீச்சல் குளம், பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, இரண்டுக்கு உருத்திரபுரம் கோயில் என்று போயிற்று. எங்கள் குசினியில் எண்பது பேருக்குக் கால்மணி நேரக் கணக்கில் சாப்பாடு போகும். அந்தக் கை எங்கே சும்மா இருக்கும்?

டென்மார்க்காருக்குப் பொழுதுபோக்கு என்பது பெரிய அலுவல் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். நான் வந்த முதல் வருடம் மொழிப் பள்ளியில் எங்களை ஒரு களியாட்டப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள். தண்டவாளத்தில் தலைகீழாக ஓடுகிற வண்டி ஒன்றில் என்னையும் ஏற்றி இடுப்பில் இரும்பை மாட்டினார்கள். எல்லோரும் கத்தினார்கள். இறங்கியதும் ஆசிரியை, "பயமாக இருந்ததா? நல்லா இருந்ததா?" என்று ஒரே மூச்சில் கேட்டார். பயப்படுவதற்கு வரிசையில் நின்று நுழைவுச்சீட்டு எடுக்கிற நாடு இது. நாங்களோ அதை ஊரில் இலவசமாக வாங்கிக்கொண்டு ஓடிவந்தவர்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆசிரியை நான் மகிழ்ச்சியில் சிரிக்கிறேன் என்று நினைத்து இன்னொருமுறை ஏற்றிவிட்டார்.

3

டிசம்பர் மாதம் போய் இறங்கினோம். முதல்நாள் காலை சரியாகப் பத்து மணிக்கு, நேசன் வாடகைக்குப் பிடித்த வான் வண்டியில், நீச்சல் குளத்தின் வாசலில் நின்றோம்.

அதன் உரிமையாளர் செல்வம் அண்ணை. அவருடைய பெற்றோர் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து இறங்கிவந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவர் வாழைத் தோட்டத்துக்குள் ஒரு நீச்சல் குளம் கட்டி, சறுக்கு ஒன்று பூட்டி, சீமெந்தில் ஒட்டகச்சிவிங்கியும் முதலையும் செய்து வைத்திருக்கிறார். சனி ஞாயிறில் வவுனியாவிலிருந்துகூட வான் பிடித்துச் சனம் வருமாம். வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, வாசலுக்கே வந்து எங்களை வரவேற்றார்.

உள்ளே போனால் குளத்தில் தண்ணீர் இல்லை. அடியில் கணுக்கால் அளவு தேங்கியிருந்தது. மூலையில் ஒரு குழாய் உற்சாகமாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

"என்னண்ணை, தண்ணி எங்க?" என்று கேட்டேன்.

"இறைச்சுவிட்டனான் தங்கச்சி" என்றார் பெருமையாக. "ஆர் ஆரோ குளிச்ச தண்ணி. வெளிநாட்டில இருந்து பிள்ளை வருகுது, அதுக்கை எப்பிடி இறங்கச் சொல்லுறது? நேற்றுப் பின்னேரம் முழுக்க இறைச்சு, அடி தேய்ச்சுக் கழுவி, விடியவே மோட்டரைப் போட்டிட்டன்."

உங்களுக்கு இது புரியும். எங்கள் ஊரில் கலியாணம் என்றாலும் முக்கியமான விருந்தாளி வந்தாலும் முதலில் கிணறு இறைப்போம். பழைய தண்ணீரை வயலுக்கு விட்டு, சேறு அள்ளி, புது ஊற்று வர விடுவோம். அதைவிடப் பெரிய மரியாதை இல்லை. செல்வம் அண்ணை அதையே செய்திருக்கிறார். கிணற்றுக்கு ஊற்று இருக்கிறது, நீச்சல் குளத்துக்கு இரண்டு அங்குலக் குழாய்தான் இருக்கிறது என்பதை மட்டும் மறந்துவிட்டார்.

"எப்ப நிறையும்?" என்றேன்.

அவர் வானத்தைப் பார்த்தார். "பின்னேரம் நாலு மணிக்கு இடுப்பளவு வந்திடும்."

நேசன் என்னைப் பார்க்கவில்லை. முதலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதற்கு என் பட்டியலில் இரண்டு மணி நேரம்தான். நான் மதுராவைத் தனியே கூப்பிட்டு டேனிஷ் மொழியில் மன்னிப்புக் கேட்டேன். அவள் "ஏன் அம்மா?" என்றாள். அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியால் இறங்கிக் கணுக்கால் தண்ணீரில் நின்றாள். பிறகு நேசனைப் பார்த்து, "மாமா, நீயும் வா" என்றாள். பெரியவர்களை 'நீங்கள்' என்று சொல்லப் பழக்கியது எல்லாம் கொழும்பு விமான நிலையத்தோடு போய்விட்டது. நான் வாயைத் திறக்கமுதல் நேசன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டான்.

வேலிக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் நின்று எட்டிப் பார்த்தார்கள். விருந்தாளி வருவதால் அன்று யாரும் உள்ளே வரக்கூடாது என்று செல்வம் அண்ணை சொல்லியிருந்தாராம், அதுவும் மரியாதைக்கு. மதுரா அவர்களை உள்ளே விடச் சொன்னாள். பிறகு அவர்களில் ஒருத்தி கரித்துண்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். தண்ணீர் எத்தனை மணிக்குச் சறுக்கின் அடியைத் தொடும் என்று பந்தயம். சுவரில் கோடு கோடாகக் கீறி, பெயர் எழுதி, அரைமணிக்கு ஒருமுறை ஓடிப்போய்ப் பார்த்தார்கள். செல்வம் அண்ணையின் மனைவி தட்டில் வடையும் வெறுந்தேத்தண்ணியும் கொண்டுவந்து குளத்தின் அடியிலேயே பரிமாறினார்.

நான் ஒட்டகச்சிவிங்கியின் நிழலில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயில் தவறிப்போயிற்று. மதியச் சாப்பாடு மூன்று மணிக்குப் போயிற்று. நாலு மணிக்கு இடுப்பளவு வந்தது, கூடவே மழையும் வந்தது. முதல்நாள் இப்படி அநியாயமாகப் போனதே என்று எனக்கு அழுகை முட்டியது. அழக்கூடாது என்று நிபந்தனை இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

4

இரண்டாம் நாள் முல்லைத்தீவு. அங்கே என்னோடு படித்த பிலோமினா இருக்கிறாள். கடல் தொழில் குடும்பம், கடற்கரையிலிருந்து இரண்டாவது ஒழுங்கையில் வீடு. மதுரா உடுப்புக்குள் நீச்சலுடை போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

கடல் கரும்பச்சையாக எழுந்து அடித்துக்கொண்டிருந்தது. பிலோமினா ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

"இந்த மாசம் இறங்கிறேல்லைப் பிள்ளை. வாடைக் கடல், இழுத்துப்போடும். எங்கட ஆம்பிளையளே போகேல்லை."

"அப்ப இவ்வளவு ஆக்கள் என்ன செய்யினம்?" என்று மதுரா கேட்டாள். மணலில் வரிசையாகச் சனம். வான்களில் வந்தவர்கள், பாய் விரித்தவர்கள், கச்சான் கடலை உடைக்கிறவர்கள்.

"பாக்கினம்" என்றாள் பிலோமினா. "கடல் பாக்கத்தானே வாறது. நீயும் இரு. முதுகு காட்டாமல் இரு."

மதுரா இருந்தாள். பத்து நிமிடம், இருபது நிமிடம், அரைமணி. நீச்சலுடைக்கு மேல் சேட்டைப் போட்டுக்கொண்டு, பக்கத்துக் குடும்பம் கொடுத்த கச்சானைக் கொறித்தபடி, ஒன்றும் பேசாமல் இருந்தாள். பிள்ளை மனம் வெறுத்துவிட்டாள், இனி அவ்வளவுதான் என்று முடிவு கட்டினேன்.

வீட்டுக்குப் போனதும் பிலோமினா அவளைக் குசினிக்குள் கூட்டிப்போய் நந்திக்கடல் இறால் ஒரு சட்டி கொடுத்து உரிக்கவைத்தாள். இரண்டு மணி நேரம் உள்ளே சத்தமும் சிரிப்புமாக இருந்தது. விருந்துக்கு வந்த பிள்ளையை வேலை வாங்குகிறாளே என்று எனக்கு எரிச்சல். வெளியே கடிக்கிற நுளம்பை அடித்துக்கொண்டு இருந்தேன். முதுகு நொந்தது. முதல்நாள் இரவு நேசன் வீட்டுக் கட்டிலில் நான் ஒரு கண் மூடவில்லை. கைத்தொலைபேசியை எடுத்தேன். கண்டியில் நானே பார்த்துப் பதிவு செய்த விடுதி, மலைச்சரிவில் குளிர்காற்று வரும் பலகணி, வெள்ளை விரிப்பு. அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். எத்தனையாவது தடவை என்று கேட்காதீர்கள்.

"என்னடி, ஆற்றையோ செத்தவீட்டுக்கு வந்தமாதிரி இருக்கிறாய்?" பிலோமினா வாசலில் நின்று கேட்டாள்.

"இல்லையடி, நேரம் போகுது. அடுத்ததுக்குப் போகவேணும்."

"அடுத்தது என்ன?"

யோசித்துப் பார்த்தேன். அடுத்தது ஒன்றும் இருக்கவில்லை.

திரும்பி வரும்போது மதுரா வானில் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டாள். பொழுதுபடும் நேரம் நேசன் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய் நின்று, "சரிவரேல்லையடா" என்றேன். "பிள்ளைக்குச் சலிச்சுப் போச்சு. நாளைக்குக் காலமை வெளிக்கிடுவம்."

"பறவாயில்லை அக்கா" என்றான். "வந்ததே காணும்."

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். அவன் இன்னும் கொஞ்சம் வைக்கோல் போட்டான், மாட்டுக்கு அது தேவைப்படவில்லை.

5

விடிய ஐந்தரைக்கு ஒழுங்கையில் உழவு இயந்திரம் உறுமியது. யாரோ பின்பெட்டியில் ஏறுங்கோ ஏறுங்கோ என்று கத்தினார்கள். இரணைமடுவின் வான்கதவைத் திறந்துவிட்டார்களாம். குளம் நிறைந்து வான் பாய்ந்தால் வன்னியில் வேறு வேலை கிடையாது. கடைக்காரர் கடையைப் பூட்டுவார், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறையென்றால் சொல்லவே வேண்டாம். இதைவிடப் பெரிய பொழுதுபோக்கு இடம் எங்களிடம் இல்லை. எப்போது திறக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லமுடியாததால் எந்த அட்டவணையிலும் அதை எழுதமுடியாது.

பஸ் ஒன்பதரைக்கு. போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று நேசன் சொன்னான். உழவு இயந்திரப் பெட்டியில் அயலவரோடு நெருக்கிக்கொண்டு போனோம்.

தண்ணீரின் இரைச்சல் அரைக் கட்டை, அதாவது அரை மைல் தூரத்திலேயே கேட்டது. கதவுகளுக்குக் கீழே வெள்ளையாய்ப் பொங்கிச் சுருண்டு ஓடியது. தூவானம் முகத்தில் அடித்தது. அதற்குள் கச்சான்காரர், சோளக்காரர், பாட்டுப் போட்டபடி ஐஸ்கிறீம் மோட்டார்சைக்கிள், கீழே மதகோரம் வலை வீசுகிறவர்கள், அவர்களை விரட்டி விசில் ஊதுகிற பொலிஸ்காரர். சனம் எல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தது. மதுரா நேசனின் தோளைப் பிடித்தபடி நடுவில் நின்றாள். செல்வம் அண்ணையின் குளத்தில் பந்தயம் பிடித்த பிள்ளைகளில் இரண்டு பேர் அவளைக் கண்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். "எட்டு மணியாகுது. போய்க் குளிச்சு வெளிக்கிட நேரம் சரி" என்றேன்.

"அம்மா, நான் வரேல்லை" என்றாள் மதுரா.

"என்ன?"

"நான் இங்க நிக்கப்போறன். ஒரு கிழமை, ஏழு நாளும். மாமாட்டக் கேட்டிட்டன்." பிறகு என் முகத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, டேனிஷ் மொழிக்கு மாறினாள். மற்றவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று நினைத்திருக்கவேண்டும். "நீங்கள் போங்கள் அம்மா. உங்களுக்கு இங்கே சலிப்பாக இருக்கிறது. இரண்டு நாளாகப் பார்க்கிறேன்."

"எனக்கோ? எனக்குச் சலிப்போ?" நான் தமிழில் கத்திவிட்டேன். அந்த இரைச்சலிலும் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

நேசன் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னான். "கோவிக்காதைங்கோ அக்கா. கட்டிலும் உங்களுக்குச் சரிவரேல்லை. நீங்கள் போங்கோ, பிள்ளை நிக்கட்டும்."

எனக்கு முதலில் கோபம், பிறகு வெட்கம். நான் பிறந்த மண்ணில் எனக்குச் சலிப்பா என்று சண்டை போட வாயெடுத்தேன். ஆனால் அது உண்மைதான். நீச்சல் குளத்தில் நான்தான் மணி பார்த்தேன். கடற்கரையில் நான்தான் எழும்பத் துடித்தேன். பதினேழு வயதிலும் இந்த ஊரில் நான் சலித்துத்தான் கிடந்தேன், டென்மார்க் போனபின் அதை மறந்துவிட்டேன். இப்போது எனக்கு ஒரு வெள்ளை விரிப்பும் குளிர்காற்றும் வேண்டியிருந்தது. மகளுக்குப் பொழுதுபோகுமா என்று இரண்டு நாள் பதறியதில், எனக்குப் போகவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை.

"சரி" என்றேன். வேறு என்ன சொல்வது?

6

ஒன்பதேகாலுக்கு ஓட்டோவில் என் பையோடு கிளிநொச்சி பஸ் நிலையத்துக்கு வந்தேன். நேசன் மோட்டார்சைக்கிளில் மதுராவை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கண்டி பஸ் நின்றது. நேசன் பையைத் தூக்கி மேலே வைத்து, யன்னலோரத்து இருக்கை பிடித்துத் தந்தான். யோகம் கட்டித்தந்த புட்டுப் பார்சலை மதுரா மடியில் வைத்தாள்.

ஊருக்கு வந்துபோன ஒவ்வொரு தடவையும் நேசன்தான் என்னை பஸ் ஏற்றிவிடுவான். ஏற்றிவிட்டு யன்னலுக்குக் கீழே நிற்பான். ஒன்றும் பேசமாட்டான். பஸ் வெளிக்கிட்டு, வளைவில் மறையும்வரை ஒரு கையைத் தூக்கியபடி நிற்பான். நான் திரும்பித் திரும்பிப் பார்த்து அழுவேன். அடுத்த முறை வரும்போது இவன் இருப்பானா, நான் இருப்பேனா என்று வவுனியா தாண்டும்வரை அழுகை நிற்காது.

அன்று இருவரும் கீழே இறங்கினார்கள். நேசன் வழக்கம்போல யன்னலுக்குக் கீழே வந்து நின்றான். மதுரா அவன் சேட்டைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, வா. முத்தையன்கட்டுக் குளமும் இண்டைக்கு வான் பாயுதாம். அந்தப் பிள்ளையள் சொன்னவை. பிந்தினால் இடம் பிடிக்கேலாது."

நேசன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அப்ப அக்கா, நாங்கள் போட்டு வாறம்" என்றான். மதுரா எனக்கு ஒரு முத்தத்தை எறிந்துவிட்டு மோட்டார்சைக்கிளில் தாவி ஏறினாள். பஸ் இயந்திரம் இயங்கத் தொடங்கமுதலே இருவரும் வீதிக்கு ஏறி, பரந்தன் பக்கம் திரும்பிப் போய்விட்டார்கள்.

நான் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். யன்னலுக்குக் கீழே வெறும் நிலம், ஒரு வாழைப்பழத் தோல். என் வாழ்க்கையில் முதல்முறையாக அந்த இடத்தில் எனக்காக யாரும் நிற்கவில்லை. நெஞ்சில் சுருக்கென்றது, அடுத்த கணமே அப்படி ஒரு சந்தோஷம் வந்தது, எழும்பி நின்று யாருக்காவது சொல்லவேண்டும்போல இருந்தது.

கண்டக்டர் ரிக்கற் கட்டோடு பக்கத்தில் வந்து நின்றார். "ஆரும் வரவேணுமோ அம்மா? பாத்துக்கொண்டு இருக்கிறியள்."

"இல்லைத் தம்பி" என்றேன். "ஒருத்தரும் வர இல்லை. பஸ்ஸை எடுக்கச் சொல்லுங்கோ."